ரிவி கேம் எமுலேற்றரை ராஸ்பெரி பைக்கு மாற்றுவது

பழைய குழாய் ரிவியை வீசாமல் வைத்திருக்கும் திருகோணமலைக்காரருக்கான குறிப்பு இது. விண்டோஸுக்காக சி மொழியில் எழுதிய 8 பிட் நின்டெண்டோ எமுலேற்றரின் (பழைய ரிவி கேம் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்) மூல நிரலை ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினியில் ஓடவைக்க வேண்டும்.

படத்தையும் ஒலியையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் செயலி மட்டும். வேகத்துக்காக இன்டெல் செயலிக்கே உரிய அசெம்பிளி மொழியில் எழுதிய பகுதி பையில் கொம்பைல் ஆகாது. சி மொழியில் திரும்ப எழுதுங்கள். பிறகு ‘நெஸ்டெஸ்ட்’ (nestest) என்ற சோதனை ரோமை (கேம் நிரல் கோவை) C000 என்ற பதினாறின் அடிமான (hex) முகவரியில் தொடக்கி, ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்ரர்களையும் (செயலியின் உள் நினைவிடங்கள்) கடிகாரச் சுழற்சி எண்ணையும் அச்சிட்டு, அதற்கென உள்ள லொக் கோவையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். சுழற்சி எண் 7இல் தொடங்கும். முதலில் வேறுபடும் வரியைத் திருத்தும்வரை கீழே போகவேண்டாம்.

பெரும்பாலும் கிளைக் கட்டளையில்தான் (நிரலில் வேறிடத்துக்குத் தாவும் கட்டளை) இடறும். நின்டெண்டோவில் உள்ள 6502 வகைச் செயலி −128 முதல் 127 பைற் வரை தாவும். இன்டெலில் சி மொழியின் வெறும் ‘சார்’ (char) வகை குறியுள்ள எண். பையின் ஏஆர்எம் (ARM) செயலிக்கான லினக்ஸில் கொம்பைலர் அதைக் குறியற்றதாக எடுக்கும். பின்னால் 5 பைற் போகவேண்டியது முன்னால் 251 பைற் போய்விடும். குறியுள்ள 8 பிட் என்று வகையை வெளிப்படையாக எழுதினால் தீர்ந்தது. வேறு 6502 நிரலை இரவல் எடுத்தால் தசம முறையை (எண்களைப் பத்தின் அடிமானத்தில் கூட்டும் வசதி) நீக்குங்கள். நின்டெண்டோவில் அது வேலை செய்யாது.

அடுத்தது நேரக்கணக்கு. இதில் அவசரப்படாதீர்கள். ஜப்பான், அமெரிக்கப் பெட்டி 1.789773 மெகாஹேட்ஸ், 262 வரி, செக்கனுக்கு ஏறத்தாழ 60 சட்டம் (frame, ஒரு முழுப் படம்). நம் ரிவி பால் (PAL) ஒளிபரப்பு முறை, செக்கனுக்கு 50. அறுபதை அப்படியே அனுப்பினால் ஆறில் ஒரு சட்டம் விழுந்து, நகரும் காட்சி இடறும். பால் முறை நாடுகளுக்கென வந்த, நின்டெண்டோவைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகளின் கணக்கை எடுங்கள்: 1.773448 மெகாஹேட்ஸ், 312 வரி, சட்டத்துக்கு 35,464 சுழற்சி. ஆட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், சுருதி மட்டும் ஒரு சதவீதம்கூட இறங்காது. நகல் பெட்டியில் கேட்டுப் பழகிய இசை இதுதான். 44,100 ஹேட்ஸ் ஒலியில் சட்டத்துக்கு 882 மாதிரிகள். ஒலியையே கடிகாரமாக வைத்துப் படத்தை அதன் பின்னால் ஓட்டுங்கள்.

படத்துக்கு எஸ்டிஎல்2 (SDL2) என்ற நிரல் நூலகம் போதும். 256×240 சட்டத்தை முழுதாக ஒரே தடவையில் அனுப்பி, உயரத்தைச் சரியாக இரண்டு மடங்காக்குங்கள். 576 வரிக்கு இழுத்தால் சில வரி தடித்துத் தெரியும். பையின் தொடக்க அமைப்பில் ரிவி முறையை பால் என மாற்றாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது உருளும்.

ஏவி கேபிளை மல்ரிமீற்றரால் பார்த்து வாங்குங்கள். நுனியிலிருந்து இடது ஒலி, வலது ஒலி, நிலம், படம் என்ற வரிசை வேண்டும். கமரா கேபிள் சிலவற்றில் வரிசை மாறியிருக்கும். கடற்காற்றில் ரிவியின் ஏவி துளைகள் துருவேறும், ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள்.

ஒலி விட்டுவிட்டுப் படபடத்தால் நிரலைக் கிளறுமுன் திரை மூலையில் மின்னல் குறி வருகிறதா பாருங்கள். வந்தால் மின்னழுத்தம் போதவில்லை, பை தன் வேகத்தைக் குறைக்கிறது. ஃபோன் சார்ஜரை விட்டு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடப்ரர் போடுங்கள்.