கேஸ்ட்ரிக் பேண்ட் போட்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: இறுக்கிக்கொண்டே போனால் எடை குறையாது

எடை குறைக்க இரைப்பையில் கேஸ்ட்ரிக் பேண்ட் போட்ட புதிதில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எதைச் சாப்பிடக் கூடாது?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன், ஒரு தாள் நிறைய எழுதியும் வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை அந்தத் தாளில் இல்லவே இல்லை. பேண்ட் என்ன வேலை செய்கிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தவை அவை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம் போடுகிறார்கள். அதன் உட்பக்கம் ஒரு பலூன் போல இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் போர்ட்டில், அதாவது ஊசி குத்துவதற்கான சின்ன வாயிலில், சேரும். போர்ட் வழியாக ஊசி போட்டு சலைன் (உப்புநீர்) ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். அவ்வளவுதான். பலரும் நினைப்பது என்னவென்றால், வளையத்துக்கு மேலே இருக்கும் சின்னப் பை நிரம்பிவிடும், சாப்பாடு அங்கேயே தேங்கி மெதுவாக வடியும், அதனால் பசிக்காது என்று. சரியாக வேலை செய்யும் பேண்டில் அப்படித் தேங்குவதில்லை. மெல்போர்னில் அறுவை சிகிச்சை நிபுணர் பால் ஓ'பிரையனோடு சேர்ந்து பல வருஷம் இதை ஆராய்ந்த குழுவினர் காட்டியது வேறு: ஒரு வாய் உணவை உணவுக்குழாய் பலமுறை அழுத்தித் தள்ளித்தான் வளையத்தைத் தாண்ட வைக்கிறது, அதற்கு ஒரு நிமிஷம் வரைகூட ஆகலாம், அந்த ஒவ்வொரு அழுத்தமும் அந்த இடத்தில் இருக்கும் நரம்புகள் வழியாக "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. ஆக, பேண்ட் சாப்பாட்டைத் தடுக்கும் சுவர் இல்லை. கொஞ்சம் சாப்பிட்டாலே பசி அடங்க உதவும் கருவி. இதை ஒருத்தர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

சுவர் என்று நினைத்தால் என்ன ஆகும்? எடை குறைவது நின்றதும் சுவரை உயர்த்தத் தோன்றும். "டாக்டர், இன்னும் கொஞ்சம் ஏத்துங்க." ஒவ்வொரு முறையும் இதையே கேட்டேன். ஒரு கட்டத்தில் ஏற்றியது அரை மில்லிக்கும் குறைவுதான், ஆனால் அதுவே அதிகமாகிவிட்டது. நடுராத்திரியில் இருமிக்கொண்டே எழுந்தேன், தொண்டையில் புளிப்புத் தண்ணீர், தலையணை நனைந்திருந்தது. அடுத்த நாள் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து இருமல் மருந்து குடித்தேன். படுத்தால் வரும் இருமல், நெஞ்செரிச்சல், வாயில் வந்து நிற்கும் திரவம், இவையெல்லாம் பேண்ட் இறுகிப்போனதற்கான அடையாளம் என்று தெரிய மூன்று வாரம் ஆனது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவே வரலாம், அதனால் இந்த இருமலை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதிகம் இறுகிய பேண்டில் எடை ஏறவும் செய்யும். கறி, காய்கறி, பழம் இறங்காது. ஐஸ்கிரீம், சாக்லேட், மில்க்ஷேக், பிஸ்கட் எல்லாம் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். உடம்பு இறங்குவதைத்தான் கேட்கும், நாமும் அதையே கொடுப்போம். அப்புறம் எடை ஏறியதைப் பார்த்து மறுபடி இறுக்கச் சொல்வோம். அந்த நேரத்தில் தேவைப்படுவது கொஞ்சம் சலைனை வெளியே எடுப்பது. எடுத்த அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, இழந்த எடையெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று. ஆனால் ஒழுங்கான உணவு இறங்க ஆரம்பித்ததும்தான் எடை மறுபடி குறைந்தது.

சரியான இறுக்கத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சின்னச் சாப்பாட்டில் திருப்தி வரும், அடுத்த சில மணி நேரம் பசி தொந்தரவு செய்யாது, திட உணவை மென்று நிதானமாகச் சாப்பிட்டால் சிக்கல் இல்லாமல் இறங்கும். இரண்டு வேளைக்கு நடுவே பசித்துக்கொண்டே இருக்கிறது, பெரிய கவளம்கூடத் தாராளமாகப் போகிறது என்றால் தளர்வு. இதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும், எத்தனை மில்லி என்ற எண்ணை அல்ல. "அவங்களுக்கு ஆறு மில்லி, எனக்கு நாலுதானா?" என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. சில பேண்டுகளின் மொத்தக் கொள்ளளவே 4 மில்லிதான், சிலவற்றுக்கு 10-க்கும் மேல். இன்னொருத்தரின் எண் உங்கள் வயிற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆரம்ப வாரங்களில் நடக்கும் தவறு வேறு மாதிரி. அறுவை சிகிச்சை முடிந்து பொதுவாக 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் முதல் முறை சலைன் ஏற்றுவார்கள். அதுவரை பேண்ட் கிட்டத்தட்ட வேலையே செய்யாது. பசிக்கும். "எனக்கு மட்டும் வேலை செய்யலையோ" என்று கலங்காதீர்கள், அது எல்லோருக்கும் நடப்பது. அந்தப் பசியில் திரவம், மசித்தது, மென்மையானது என்ற வரிசையைத் தாண்டி நேராகத் திட உணவுக்குப் போவதுதான் ஆபத்து. பேண்ட் தன் இடத்தில் நிலைத்து உட்கார நேரம் வேண்டும். அதற்குள் வாந்தி எடுத்து எடுத்து இழுத்தால் இரைப்பை வளையத்துக்கு மேலே நழுவி வரலாம்.

அடுத்தது சிக்கிக்கொள்வது. பேண்ட் போட்டவர்களுக்கு இதைச் சொன்னாலே முகம் மாறும். ஒரு முறை நாலு பேரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டபோது, கோழிக்கறித் துண்டு ஒன்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். சில விநாடிகளில் நெஞ்சுக்கு நடுவில் ஒரு பந்து உட்கார்ந்தது போல வலி. அப்புறம் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது, கெட்டியாக, நிற்காமல், விழுங்கவும் முடியாமல். எழுந்து போய் நுரை நுரையாகத் துப்பினேன், கடைசியில் அந்தத் துண்டு மெல்லாத அதே வடிவில் வந்தது. அன்று நான் செய்த பெரிய தவறு, இறங்கட்டும் என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததுதான். அடைத்திருக்கும் குழாயில் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் அது எங்கே போகும்? மேலேதான் வரும், வலியும் இரண்டு மடங்கானது.

சிக்கினால் உடனே சாப்பிடுவதை நிறுத்துங்கள், எதுவும் குடிக்காதீர்கள், எழுந்து மெதுவாக நடங்கள், காத்திருங்கள். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும், இல்லையென்றால் மேலே வந்துவிடும். இறைச்சியை மென்மையாக்கும் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்தால் கரையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும். இறங்கிய பிறகும் அந்த இடம் வீங்கியிருக்கும் என்பதால் அன்று முழுக்கத் திரவம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "சரியாகிவிட்டதே" என்று அடுத்த வேளையே திட உணவைத் தொட்டுத்தான் பலரும் இரண்டாவது முறை மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் சிக்குகிறது என்று யோசித்தால், முக்கால்வாசி நேரம் காரணம் உணவு அல்ல, வேகம். மென்மையான ரொட்டி மெல்லும்போதே மாவு உருண்டையாகிவிடும், நார் நாரான இறைச்சி, குழைந்து ஒட்டும் சோறு, இவை கொஞ்சம் கவனம் கேட்பவை, உண்மைதான். ஆனால் சின்னக் கரண்டியில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு எடுத்து, கூழாகும் வரை மென்று, விழுங்கியபின் கரண்டியைக் கீழே வைத்து, ஒரு நிமிஷம் விட்டு அடுத்ததை எடுத்தால் பலவும் இறங்கும். கரண்டியைக் கீழே வைப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் உதவியது, கையில் இருந்தால் அது தானாக வாய்க்குப் போய்விடும். இருபது முப்பது நிமிஷத்தில் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தட்டில் மிச்சம் இருந்தாலும். அந்தக் கடைசி இரண்டு வாய்தான் பெரும்பாலும் வாந்தியாகத் திரும்பி வரும். காலையில் பேண்ட் இறுக்கமாக இருப்பதாகப் பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான், அதனால் காலையில் வெதுவெதுப்பாக ஏதாவது குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திட உணவு. தட்டில் புரத உணவுக்கு முதலிடம், நாளுக்கு 60 கிராமாவது புரதம் போக வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அளவு. சோடா, கோலா வகையறாக்களை விட்டுவிடுங்கள், அந்தக் காற்று சின்னப் பையில் அடைத்துக்கொண்டு வலிக்கும்.

விட்டமின் விஷயத்தில் ஒரு தப்பான தைரியம் உண்டு: "எனக்குக் குடலை வெட்டி மாற்றவில்லையே, இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குத்தானே மாத்திரை வேண்டும்?" உறிஞ்சுவதில் குறை இல்லை, உண்மை. ஆனால் உள்ளே போவதே குறைவு. இரும்பு, பி12, ஃபோலேட், கால்சியம், விட்டமின் டி எல்லாம் உடம்பில் மெதுவாகக் குறையும், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இவை எல்லாவற்றையும் விட அவசரமானது தயமின், அதாவது பி1. உடம்பில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்கு மட்டும்தான். வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நடை தள்ளாடுகிறது, பார்வை இரட்டையாகத் தெரிகிறது, பேச்சில் குழப்பம், கால் மரத்துப்போகிறது என்றால் அதைக் களைப்பு என்று விடக் கூடாது. அன்றே மருத்துவமனை. அங்கே குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும் என்பதையும் கூட இருப்பவர்கள் எடுத்துச் சொல்லுங்கள், தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு கூடும்.

மாத்திரைகளைப் பற்றி. மூட்டு வலிக்கு ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள், இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய மாத்திரை சிக்கும் என்பதற்காக எல்லாவற்றையும் உடைத்துப் போடவும் கூடாது, மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சாப்பாடு குறைந்த முதல் வாரத்திலிருந்தே அளவைச் சரிபார்க்க வேண்டும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களை, பேண்ட் போட்ட பிறகு 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள். எடை குறையும்போது மாதவிடாய் சீராகி எதிர்பாராமல் கருத்தரிப்பதும் உண்டு என்பதால் கருத்தடையை முதலிலேயே பேசிவிடுங்கள். கர்ப்பத்தில் வாந்தி அதிகமானால் சலைனை எடுத்துப் பேண்டைத் தளர்த்தலாம், அந்த வசதி இதில் இருக்கிறது.

இனி, என் மனசுக்கு மிகவும் கஷ்டமான தவறு. செக்கப்புக்குப் போகாமல் விடுவது. எடை ஏறிவிட்டது, டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு தடவை தள்ளிப்போடுவோம், அது ஒரு வருஷமாகும், அப்புறம் போகவே முடியாது என்று ஆகிவிடும். அந்த வெட்கத்தை நான் முழுசாக அனுபவித்திருக்கிறேன். ஆனால் எடை ஏறியதற்குக் காரணம் நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. குழாயில் எங்காவது கசிந்து சலைன் வெளியேறியிருக்கலாம், போர்ட் புரண்டிருக்கலாம், மேலே இருக்கும் பை பெரிதாகியிருக்கலாம். சில நேரம் பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போய்விடும், அப்போது பெரிய வலிகூட இருக்காது, திடீரென்று எவ்வளவும் சாப்பிட முடிகிறது, போட்டு வருஷங்கள் கழித்துப் போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் பிடிக்கிறது, இவைதான் அடையாளம். உணவுக்குழாய் விரிந்துபோவதும் சத்தமில்லாமல் நடக்கும். இதையெல்லாம் ஒரு மருந்தைக் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ எண்டோஸ்கோப்பியோதான் காட்டும், வீட்டு எடைமெஷின் காட்டாது.

ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் சிகிச்சை, செய்துகொண்டவர் மூன்று மாதத்தில் இளைத்ததைப் பார்த்து மனம் உடையவும் வேண்டாம். பேண்டில் வாரத்துக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ குறைந்தாலே நல்ல வேகம். சிலருக்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பேண்ட் ஒத்துக்கொள்ளாது, கழற்ற வேண்டி வரும். அப்படிக் கழற்றியவர்கள் ஏராளம், அவர்கள் எதிலும் தோற்கவில்லை. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்து சில வருஷம் ஓங்கி இருந்த இந்தச் சிகிச்சை இப்போது பல நாடுகளிலும் குறைந்து, ஸ்லீவ்தான் அதிகம் நடக்கிறது. அதனால் பேண்டைக் கையாளத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். ஊர் மாறுவதாக இருந்தால், அங்கே யார் சலைன் ஏற்றி இறக்குவார்கள் என்று கிளம்பும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதிக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. தண்ணீர்கூட, சொந்த எச்சில்கூட இறங்கவில்லை. மேல்வயிற்றில் விடாத வலியும் வாந்தியும். வாந்தியில் ரத்தம், மலம் கறுப்பு, காய்ச்சல். இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், நழுவிய இரைப்பைக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். அவசரப் பிரிவில் இருப்பவர் பேண்டைப் பார்த்தே இருக்காமல் இருக்கலாம். அதற்காக என் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: பேண்டின் பெயர், போட்ட வருஷம், இப்போது உள்ளே எத்தனை மில்லி, போர்ட் எந்தப் பக்கம், என் அறுவை சிகிச்சை நிபுணரின் எண். கீழே பெரிய எழுத்தில் மூன்று வரி. போர்ட்டை அதற்குரிய ஹியூபர் ஊசியால் மட்டும் குத்தவும், சாதாரண ஊசி அதைக் கிழித்துவிடும். இதில் மருந்து ஏற்றக் கூடாது. மூக்கு வழியாக டியூப் போடும் முன்பும் மயக்கம் கொடுக்கும் முன்பும் பேண்ட் இருப்பதைக் கவனிக்கவும். ஒவ்வொரு முறை சலைன் அளவை மாற்றும்போதும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.