பார்மேட்டர் விதியை மாற்றுகிறீர்களா? அந்த கமிட்டைத் தனியாக வையுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான பில்லிங் மென்பொருளை பீளமேட்டில் நாலு பேரும் கோபியில் ஒருவரும் சேர்ந்து எழுதுகிறோம். நிரலின் இடைவெளி, கமாக்களை ஒரே சீராக்கும் பார்மேட்டரான பிரிட்டியரை 3-ஆம் பதிப்புக்கு ஏற்றியதும் கோபிக்காரர் கூப்பிட்டார்: "ஏனுங்க, ஜிஎஸ்டி கணக்குல இந்த வரிய மாத்துனது நீங்கதானுங்களா?" நான் அந்தப் பக்கமே போகவில்லை. 2023-இல் வந்த அந்தப் பதிப்பில் கடைசிக் கமா விதியின் இயல்பு மதிப்பு 'இஎஸ்5'-இலிருந்து 'ஆல்' ஆனது. பங்ஷன் அழைப்புகளின் கடைசியிலும் ஒரு கமா முளைத்தது. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேமில் அந்த வரிகளெல்லாம் என் பெயருக்கு வந்துவிட்டன.

அதனால் முதலில், திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களை (மெயின் கிளையில் சேரக் காத்திருக்கும் மாற்றங்களை) மெர்ஜ் செய்து முடியுங்கள். இல்லையென்றால் ஒன்றோடொன்று மோதும் மாற்றங்களின் கான்பிளிக்ட் தீர்த்தே ஒரு நாள் போய்விடும். பார்மேட்டரின் பதிப்பு எண்ணை முன்னால் ^ குறி (புதிய பதிப்பையும் ஏற்கும் குறி) இல்லாமல் அப்படியே எழுதிப் பூட்டுங்கள். விதி மாற்றம் ஒரு கமிட் (ஒன்றாகச் சேமிக்கும் மாற்றத் தொகுப்பு), பார்மேட்டர் ஓட்டியது இன்னொரு கமிட். அந்த இரண்டாவதில் கையால் ஒரு எழுத்துகூடத் திருத்தாதீர்கள்.

அந்த கமிட்டின் அடையாளமான 40 எழுத்து ஹாஷை, பிளேம் தாண்டிப் போகும்படி, ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) முதன்மை அடைவில் '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற கோப்பில் போடுங்கள் (பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும்). கிட்ஹப் அதைத் தானே படித்துக்கொள்ளும். அவரவர் கணினியில் கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்பைல்' அமைப்பை ஒருமுறை கொடுத்தால் போதும்.

ஸ்குவாஷ் மெர்ஜ் செய்கிறவர்கள் கவனிக்க: மெர்ஜில் ஹாஷ் மாறிவிடும், இரண்டு கமிட்டும் ஒன்றாகிவிடும். பார்மேட்டர் ஓட்டியதற்குத் தனி புல் ரிக்வெஸ்ட் போடுங்கள்; மெயினில் விழுந்த பிறகு அங்கிருக்கும் ஹாஷையே எடுத்து எழுதுங்கள்.