பழைய பொழுதுபோக்குப் பூங்காவைப் பெருப்பிக்கும்போது விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்தில் பொழுதுபோக்குக்கென்று காசு போட இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர், இங்கே இருக்கும் மச்சானோடு சேர்ந்து, ஊஞ்சலும் சறுக்கும் பழைய நீச்சல் தடாகமும் உள்ள காணியொன்றை எடுக்கிறார். "இதைக் கொஞ்சம் பெருப்பிப்பம்" என்று பேச்சுத் தொடங்கிய அடுத்த கிழமையே ராட்டினங்களின் விலைப்பட்டியல் வட்ஸ்அப்பில் வந்து நிற்கும். எத்தனை அடி உயரம், எத்தனை பேர் ஏறலாம், என்ன நிறம். முதல் பிழை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. ராட்டினத்தைத் தெரிவு செய்துவிட்டுப் பிறகுதான் அதை எங்கே நடுவது என்று பார்க்கிறார்கள். வெறுங்காணியில் அது ஓரளவு சரிவரும். ஏற்கெனவே பாவித்த காணியில், அதுவும் எங்கள் கல் நிறைந்த கலட்டி நிலத்தில், கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மேலே என்ன வைக்கலாம் என்ற பேச்சே வர வேண்டும்.

வரைபடம் இருக்கிறது என்று நம்புவது

எந்த நாட்டிலும் பழைய பூங்காவின் நிலத்துக்குக் கீழே ஒரு குழப்பம் இருக்கும். ஒருவர் போட்ட தண்ணீர்க் குழாய்க்கு மேலால் இன்னொருவர் மின்கம்பி இழுத்திருப்பார். மூன்றாமவர் இரண்டையும் மூடி நடைபாதை போட்டிருப்பார். எங்களுக்கு இதற்கு மேலும் சில இருக்கின்றன. 1995 இடப்பெயர்வில் வீட்டு உறுதியையே தொலைத்த ஊரில், பூங்காவின் வரைபடம் தப்பியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தப்பியிருந்தாலும் அதில் பங்கர், அதாவது பதுங்குகுழி, இருக்காது.

பங்கர் வெட்டாத வளவு போர்க் காலத்தில் குறைவு. பிறகு அதற்குள் பனங்குற்றி, உடைந்த கல், குப்பை, மண் என்று கையில் கிடைத்ததைப் போட்டு மூடினார்கள். மேலே புல் முளைத்துவிட்டது. உள்ளே போட்ட மண் இறுகவில்லை. குற்றிகள் உக்கியிருந்தால் அங்கே வெறும் பொந்துதான். தூர்த்த கிணறும் இப்படித்தான். ராட்டினத்தின் ஒரு கால் கல்லிலும் மறுகால் பழைய பங்கரிலும் நின்றால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கு மலிவான வழி, காணியைச் சுற்றி இருக்கும் வயதான ஆட்களோடு அரை நாள் இருந்து கதைப்பது. எங்கே கிணறு இருந்தது, எங்கே ஷெல் விழுந்தது, எந்த மூலையில் மாரியில் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடாரை ஓட்டலாம். உவர் நிலத்திலும் களிமண்ணிலும் அது ஆழத்துக்குப் பார்க்காது. ஆகவே சந்தேகமான இடத்தில் கையால் சோதனைக் கிடங்கு வெட்டாமல் ஜேசிபியை இறக்க வேண்டாம். வெடிக்காத பொருள் ஏதும் தென்பட்டால் தொடக்கூடாது, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். மனித எலும்பு வந்தாலும் அப்படித்தான். 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டக் கிண்டியபோதுதான் எலும்புகள் வெளிவந்தன. அதன் பிறகு அங்கே அகழ்வு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்தது. வேலை நாள்கணக்கு பிந்துகிறதே என்று அதை மண்போட்டு மூட நினைப்பவரோடு வேலை செய்யவே கூடாது.

"கல்லிலதானே இருக்கு" என்று விட்டுவிடுவது

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் பல இடங்களில் சில அடி செம்மண்ணைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். மேசன்மார் கல்லைக் கண்டதும் நிம்மதி ஆகிவிடுவார்கள். இரண்டு மாடி வீட்டுக்கு அந்த நிம்மதி பெரும்பாலும் சரி. ஆனால் சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும் கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இறங்கும்போது இலேசான அமிலமாகிவிடுகிறது. வெடிப்புகளுக்குள்ளால் ஓடி, ஆயிரக்கணக்கான வருடங்களில் குகைகளைக் குடைந்துவிடுகிறது. புத்தூர் நிலாவரை, ஊரெழுப் பொக்கணை, மானிப்பாய் இடிகுண்டு என்ற நீர்நிலைகள் எல்லாம் அப்படிக் குடைந்த இடத்தின் கூரை விழுந்ததால் எங்களுக்குத் தெரிய வந்தவை. கூரை இன்னும் விழாதவைதான் கவலைக்குரியவை.

அமெரிக்காவின் புளோரிடாவும் இதே மாதிரிச் சுண்ணாம்புக்கல் பூமிதான். 2013 ஓகஸ்ட்டில், டிஸ்னி வேர்ள்டுக்குப் பக்கத்தில் கிளெர்மொன்ட் என்ற இடத்தில் ஒரு விடுதிக் கட்டடத்தின் கீழ் நிலம் உள்வாங்கி, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து இறங்கியது. இரவில் சத்தம் கேட்டு ஆட்களை வெளியேற்றியதால் உயிர் தப்பினார்கள்.

வீடு நிலத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு நின்றுவிடும். ராட்டினமும் றோலர் கோஸ்டரும் அப்படியல்ல. வண்டி வளைவில் திரும்பும்போது தூண் பக்கவாட்டில் தள்ளப்படும். மறுபக்கத் தூணை நிலத்திலிருந்து பிடுங்குவது போல இழுக்கும். இது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். சோளகக் காற்று பிடித்து அடிக்கும் மாதங்களில் காற்றின் தள்ளலும் சேரும். ஆகவே காணியின் நாலு மூலையிலும் துளை போட்டுப் பார்த்த மண் பரிசோதனை அறிக்கை போதாது. ஒவ்வொரு தூண் வரும் புள்ளியிலும் துளையிட்டு, அத்திவார மட்டத்துக்குக் கீழேயும் சில மீற்றர் கல் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொந்து இருந்தால் சீமெந்துக் கரைசல் செலுத்தி அடைப்பார்கள். எவ்வளவு பைகள் போகும் என்று முதலே சொல்ல யாராலும் முடியாது. சில வேளை கரைசல் அடுத்த வளவுக் கிணற்றில் போய் நிற்கும். அந்தக் கட்டத்தில் தூணை இரண்டு மீற்றர் நகர்த்துவதே மலிவு. நகர்த்த முடிய வேண்டுமென்றால் ராட்டினத்துக்கு இன்னும் முற்பணம் கட்டியிருக்கக் கூடாது.

தண்ணீரைக் கீழே தேடிப் போவது

எல்லோரும் கேட்பது தண்ணீர் விளையாட்டுத்தான். அதற்குப் பெரிய தொட்டி, பம்பி அறை, வடிகட்டி. இவற்றை நிலத்துக்குள் இறக்கினால் பார்வைக்கு அழகு. ஆனால் கிடங்கு ஆழமானதும் தண்ணீர் ஊறும், பம்பி வைத்து இறைக்கத் தொடங்குவார்கள், அங்கேதான் பிரச்சினை.

குடாநாட்டின் நன்னீர் கீழே இருக்கும் உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், அதைத் தாங்கிக்கொண்டு கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் ஒரு அடி நிரந்தரமாக இறங்கினால் உப்புநீர் 40 அடி மேலே வரத் தயாராகிறது. நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக நடக்காது, ஆனால் போகும் திசை இதுதான். கிழமைக்கணக்கில் இறைத்தால் முதலில் கரிப்பது பக்கத்துத் தோட்டக் கிணறு. பிறகு வழக்கு, பிரதேச சபை, ஊர்ப் பகை. வேலை தொடங்க முன்பே அயல் கிணறுகளின் உப்புத்தன்மையை அளந்து, உரிமையாளரின் கையெழுத்தோடு வைத்துக்கொண்டால் இரு பக்கத்துக்கும் நல்லது.

தோண்டாமல் உயர்த்துவது பற்றி யாரும் யோசிப்பதில்லை. புளோரிடாவில் 1971இல் திறந்த மஜிக் கிங்டம் பூங்காவுக்கு, பணியாளர்கள் கண்ணில் படாமல் போய்வரச் சுரங்கப் பாதைகள் தேவைப்பட்டன. நிலத்தடி நீர் மேலே நின்றதால் தோண்ட முடியவில்லை. அதனால் சுரங்கத்தை நில மட்டத்திலேயே கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து மூடி, பூங்காவை அதன் மேல் வைத்தார்கள். அங்கே போகிறவர்கள் நடப்பது உண்மையில் மேல்மாடியில். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. பம்பி அறையை மேலே வைத்து ஒரு செய்குன்றுக்குள் மறைத்தாலே போதும்.

கழிவு பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் கழிவுநீர்க் குழாய் வலையமைப்புக் கிடையாது, எல்லாம் குழிதான். ஆட்கள் இரட்டிப்பானால் குழியும் இரட்டிப்பாக வேண்டும் என்று கணக்குப் போட்டு, இன்னொரு உறிஞ்சு குழியை வெட்டிவிடுவார்கள். வெடிப்புள்ள கல்லில் கழிவு வடிபட நேரமில்லாமல் நேரே கிணற்றுக்குப் போகும். சுத்திகரிப்புத் தொகுதிக்கு முதலில் காசை ஒதுக்குங்கள், மிஞ்சியதில் ராட்டினம் வாங்குங்கள்.

மாரியில் தடாகத்தை வெறுமையாக்குவது

குளிர் நாடுகளில் பூங்காக்கள் பனிக்காலத்தில் பூட்டி, அந்த மாதங்களில் வேலையை முடிக்கின்றன. எங்களுக்கு ஆட்கள் வரும் காலம் சித்திரை விடுமுறையும், நல்லூர்த் திருவிழாவோடு வெளிநாட்டுச் சனம் இறங்கும் ஆடி ஆவணியும். சனம் குறைவது ஐப்பசி, கார்த்திகையில். அதுதான் மழை. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு அந்த மாதத்தில் திறந்த கிடங்கு வைத்திருப்பதன் பொருள் புரியும்.

"சனம் இல்லை, இப்ப தடாகத்தைத் திருத்துவம்" என்று தண்ணீரை இறைத்து வெறுமையாக்குகிறார்கள். மாரியில் நிலத்தடி நீர் பல இடங்களில் மேற்பரப்புக்குக் கிட்ட வந்துவிடும். வெறுந் தடாகம் அந்த நீரில் தோணி மாதிரி மேலெழும்பப் பார்க்கும். அடித்தளம் வெடிக்கும் அல்லது ஒரு பக்கம் கிளம்பும். பழைய தடாகங்களில் கீழ் அழுத்தத்தை விடும் வால்வு பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அடைபட்டிருக்கும். அந்த வேலைக்கு மாசி, பங்குனியை ஒதுக்குங்கள். வெயில் சுடும், கொங்கிறீற்றுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான்.

திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்வது

வருமானம் நிற்கக்கூடாது என்பதற்காகப் பாதியைத் திறந்து வைத்து மறுபாதியில் வெல்டிங் நடக்கும். 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கில் இப்படித்தான் நடந்தது. வெல்டிங் பொறி பறந்து பிடித்த தீ, எரிபொருளும் வைத்திருந்த இடத்தில் நிமிடங்களில் பரவியது. பிள்ளைகள் உட்பட 27 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் அனுமதிப் பத்திரமே அங்கே இருக்கவில்லை. தகரம் அடித்து மறைப்பது பிரிப்பு ஆகாது. வேலைப் பகுதிக்கு வேறு வாசல், வேறு மின் இணைப்பு; சனம் இருக்கும் நேரத்தில் வெல்டிங் இல்லை; வெளியேறும் வழியில் சீமெந்துப் பை அடுக்குவதில்லை. இதைக் கடைப்பிடிக்க முடியாவிட்டால் மூன்று மாதம் பூட்டுவதுதான் சரி.

பழையதோடு புதியதைப் பூட்டுவது

ஏற்கெனவே உள்ள தூணில் புதிய பாலத்தைப் பொருத்தினால் செலவு மிச்சம் என்று தோன்றும். கடற்காற்றில் நின்ற கொங்கிறீற், அதிலும் கழுவாத கடல் மணலில் குழைத்தது என்றால், உள்ளே கம்பி துரு ஏறி வீங்கியிருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான சத்தம் வரும் இடத்தில் மேற்பூச்சு கழன்றுவிட்டது. உடைத்த புதிய முகத்தில் பினோல்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல கொங்கிறீற் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாமல் இருந்தால் கம்பிக்கு இருந்த பாதுகாப்புப் போய்விட்டது. ஆனால் உப்பு ஏறியதை இந்தச் சோதனை காட்டாது, அதற்கு மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை உடைத்து இழுக்காமல், நனைத்து முழுத் தகடாகக் கழற்ற வேண்டும்.

இடம் போதாதபோது பழையதில் தொங்காமல் ஒதுங்கிப் போவது முடியாத காரியமல்ல. இங்கிலாந்தின் பிளக்பூல் கடற்கரைப் பூங்காவில் 1994இல் திறந்த பிக் வன் கோஸ்டரின் தூண்கள், ஏற்கெனவே இருந்த விளையாட்டுகளுக்கு இடையில் இடம் கண்டுபிடித்து நிற்கின்றன. கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் பேய் மாளிகைக்கு உள்ளே இடம் போதவில்லை. அதனால் ஆட்களை ஒரு லிப்டில் கீழே இறக்கி, ரயில் பாதைக்கு அடியால் வெளியே உள்ள கட்டடத்துக்கு அனுப்புகிறார்கள். ஏறியவர்களுக்கு அறை நீளுவது போலத் தெரியுமே தவிர, தாங்கள் இறங்குவது தெரியாது. வெளிக் கட்டடம் 1963இல் நின்றுவிட்டது, திறந்தது 1969இல்.

மற்றவை சுருக்கமாக. ராட்டினத்தின் பாகங்கள் கொழும்பிலிருந்து 40 அடிக் கொண்டெய்னரில் ஏ9 வீதி வழியாகச் சுகமாக வந்துவிடும், கடைசி அரைக் கிலோமீற்றர் ஒழுங்கையில்தான் மாட்டும். மதில் திருப்பத்தையும் தாழ்ந்த வயரையும் முதலே அளவெடுங்கள். மின் விநியோக நிறுவனத்திடம் புதிய மின்மாற்றிக்குக் கேட்பதை வேலை முடியும் நேரத்துக்கு வைக்காதீர்கள். கடற்கரைக் காணியென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு தூணும் வேண்டாம். கொந்தராத்துப் பத்திரத்தில் மண் வெட்டுவதற்கும் கல் உடைப்பதற்கும் தனித்தனி விலை எழுதுங்கள். "கிடங்கு வெட்டுதல்" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மூன்றாம் அடியில் கல் வந்த அன்று கொந்தராத்துக்காரர் வேலையை நிறுத்திவிடுவார்.