யாங்கோனிலிருந்து டர்பனுக்கு: மகளின் பள்ளி மாற்றம்

மியான்மரின் யாங்கோனில் மகள் படித்த பன்னாட்டுப் பள்ளிக்கு ஆகஸ்டில் புது வகுப்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சேர்த்த பள்ளிக்கு ஜனவரியில். பத்தாம் வகுப்பில் ஐந்து மாதம் படித்திருந்தவளை, "முதலிலிருந்து படிக்கட்டும்" என்றார்கள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை.

நான் கொண்டுபோன ரிப்போர்ட் கார்டில் மதிப்பெண் மட்டும்தான். என்ன பாடம் முடிந்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம்தான் யோசித்தேன், இரண்டு பள்ளியிலும் ஒரே கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம், கணக்குக்கு ஒரே எண், 0580. அந்தப் பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து, அவள் நோட்டுகளைப் பக்கத்தில் விரித்து, முடித்த தலைப்புக்கெல்லாம் பச்சை மையில் கோடு போட்டோம். பழைய ஆசிரியரிடம் மின்னஞ்சலில் அதை உறுதிப்படுத்தி வாங்கினோம். கணக்கு ஆசிரியர் நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு ஒரு சின்னத் தேர்வு வைத்தார். மேல் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். விடுபட்ட பாடங்களுக்கு மார்ச் வரை சனிக்கிழமை டியூஷன். மே, ஜூனில் மட்டுமல்ல, அக்டோபர், நவம்பரிலும் கேம்பிரிட்ஜ் தேர்வு உண்டு என்பதால் அவசரமும் இல்லை.

ஊர் மாறுபவர்கள் நோட்டுகளைத் தயவுசெய்து பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.

படிப்பு சரியானது. தோழிகளை விட்டு வந்த ஏக்கம் மட்டும் போகவில்லை. தைப்பூசத்துக்குப் பக்கத்து வீட்டு ஆயா எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே மஞ்சள் சேலையில், தலையில் பால்குடத்தோடு நின்றவள் மகளின் வகுப்புப் பெண். திங்கட்கிழமை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.