பாலிசி கையில் இருக்கிறது, கம்பெனியில் இருக்கிறதா?

காப்பீட்டில் பணம் இரண்டு பக்கம்தான் போகும். பிரீமியமாக உங்களிடமிருந்து கம்பெனிக்கு, க்ளெய்மாகக் கம்பெனியிடமிருந்து உங்களுக்கு. மோசடி எந்த வடிவில் வந்தாலும் இந்தப் பாதையின் நடுவில் ஓர் ஆள் இருப்பார். அவர் ஏஜென்ட், ப்ரோக்கர், போனில் பேசும் ‘அதிகாரி’, ஒர்க்‌ஷாப்காரர், மருத்துவமனை பில் பிரிவு என யாராகவும் இருக்கலாம். நடுவில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் நேர்மையாகப் பிழைப்பவர்கள். ஆனால் ஒருவர், “கம்பெனியில் நீங்க எதுக்குக் கேட்கணும், எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று உங்களைத் தடுத்தால், உடனே கம்பெனியிடம் கேளுங்கள்.

போலி பாலிசி

இதில் மூன்று வகை உண்டு. முதலாவது முழுப் போலி. கம்பெனியின் சின்னம், கையெழுத்து, எண் எல்லாம் இருக்கும். பாலிசி மட்டும் இருக்காது. இரண்டாவது, பாலிசி உண்மை, தகவல் பொய். பிரீமியத்தைக் குறைக்க உங்கள் வயதையோ முகவரியையோ மாற்றியிருப்பார்கள், வாடகைக்கு ஓடும் வண்டியைச் சொந்த உபயோகம் என்று எழுதியிருப்பார்கள். விபத்து நடந்து க்ளெய்ம் போடும்போதுதான் அது வெளியே வரும். மூன்றாவதுதான் ஆபத்தானது. உண்மையான பாலிசியை எடுத்து ஆவணத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு, சில நாளில் அதை ரத்துசெய்து, திரும்பி வரும் பணத்தைச் சுருட்டிக்கொள்வார்கள். வாங்கிய அன்று நீங்கள் விசாரித்திருந்தால் ‘பாலிசி நடப்பில் உள்ளது’ என்றுதான் பதில் வந்திருக்கும். அதனால் வாங்கியதும் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை சரிபாருங்கள்.

சரிபார்க்க, ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் போன் எண், லிங்க், க்யூஆர் கோடு எதையும் பயன்படுத்தாதீர்கள். போலி ஆவணத்தில் அவையும் போலியாகத்தான் இருக்கும். உங்கள் நாட்டின் காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் தளத்தில் உரிமம் பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கும். அங்கிருந்து கம்பெனியின் முகவரியை எடுத்து நீங்களே தொடர்புகொள்ளுங்கள். கேட்க வேண்டியவை: பாலிசி நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதி முதல் எதுவரை, யார் பெயரில், வண்டி என்றால் சேஸிஸ் எண் என்ன, எவ்வளவு பிரீமியம் வந்திருக்கிறது, எந்த போன் எண்ணும் ஈமெயிலும் பதிவாகியிருக்கின்றன. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அங்கே ஏஜென்டின் எண் இருந்தால் ரத்து அறிவிப்பும் தவணை நினைவூட்டலும் அவருக்குத்தான் போகும். உங்களுக்கு எதுவும் தெரியாது.

பிரீமியத் தொகையைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. உங்களிடம் ஓராண்டுத் தொகையை வாங்கிக்கொண்டு, மூன்று மாதத் தவணையாகப் பதிந்து ஒரு தவணையை மட்டும் கட்டுவார்கள். நான்காவது மாதம் பாலிசி காலாவதி. கம்பெனியின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் பணம் அனுப்பினால் இந்த வகை பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

போனில் வரும் ‘போனஸ்’

உங்கள் பழைய பாலிசியில் பெருந்தொகை தேங்கிக் கிடக்கிறது, விடுவிக்கக் கொஞ்சம் கட்டணம் கட்ட வேண்டும் என்பார்கள். பாலிசி எண், நாமினி பெயர், தவணைத் தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதற்காக நம்பிவிடாதீர்கள், விவரப் பட்டியல்கள் கசிந்து கைமாறுகின்றன. முதலில் ஃபைல் சார்ஜ், பிறகு வரி, பிறகு ‘பணம் வர ஒரு புதுப் பாலிசி தேவை’. தொகை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற தவிப்பில்தான் அடுத்த தொகையையும் கட்டுகிறோம். கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் வரியோ கட்டணமோ இருந்தால் அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். முன்கூட்டிக் கேட்டாலே பொய்.

பழையதை விட்டுப் புதியது

“அந்தப் பாலிசி வேஸ்ட், சரண்டர் பண்ணிடுங்க”, அதாவது காலம் முடியும் முன்பே ஒப்படைத்துக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை சில நேரம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் பல ஆயுள் பாலிசிகளில் முதல் ஆண்டு கமிஷன் பின்வரும் ஆண்டுகளைவிட மிக அதிகம் என்பதை மனத்தில் வையுங்கள். இழப்பு உங்களுடையது: தொடக்க ஆண்டுகளில் சரண்டர் மதிப்பு குறைவு, புதுப் பாலிசிக்கு வயது கூடியதால் பிரீமியம் அதிகம், சிலவற்றுக்குக் க்ளெய்ம் கிடைக்காத தொடக்கக் காத்திருப்புக் காலம் மறுபடி ஆரம்பம். தகவல் மறைப்பைக் காட்டிக் கம்பெனி பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கும் காலமும், பல இடங்களில் 2 அல்லது 3 ஆண்டு, திரும்ப முதலிலிருந்து ஓடும். இரண்டையும் ஒப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வாயால் மட்டும் சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

விபத்து, ஒர்க்‌ஷாப், மருத்துவமனை

திட்டமிட்ட விபத்தில், முன்னால் போகும் வண்டி காரணமே இல்லாமல் சடன் பிரேக் போடும். பிரேக் விளக்கு எரியாது. அல்லது ‘நீங்க போங்க’ என்று கைகாட்டிவிட்டு வந்து மோதி, கைகாட்டவே இல்லை என்பார்கள். கேட்காமலே சாட்சி வருவார், அழைக்காமலே இழுவை வண்டி வரும். அங்கே சண்டை வேண்டாம், தப்பை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். எதிர் வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணிப் படம் எடுங்கள். வண்டியில் இல்லாதவர்களும் பிறகு காயம்பட்டதாகக் க்ளெய்ம் போடுவது வழக்கமான தந்திரம். இரு வண்டிகளின் சேதம், நம்பர் பிளேட், நின்ற நிலை எல்லாம் படத்தில் வரட்டும். டேஷ் கேம் பழைய பதிவின் மேலேயே எழுதும் என்பதால் பதிவை உடனே பத்திரப்படுத்துங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தெரிவியுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வெற்றுக் க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஏர்பேக் மாற்றியதாகப் பில் இருந்தால், சாவியைத் திருப்பியதும் அதன் எச்சரிக்கை விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் அணையவே இல்லை என்றாலும் சரியில்லை.

மருத்துவமனை பில்லை, ‘கம்பெனிதானே கட்டுது’ என்று பார்க்காமல் விடுகிறோம். செய்யாத பரிசோதனை, தங்காத நாள், பேக்கேஜிலும் தனியாகவும் இருமுறை போட்ட கட்டணம் ஆகியவை உங்கள் காப்பீட்டுத் தொகையைத்தான் கரைக்கின்றன. பில்லுக்காக எழுதிய நோய் உங்கள் பதிவேட்டில் தங்கி, அடுத்த பாலிசியில் வந்து நிற்கும்.

நம் கையெழுத்து

பாலிசி கேட்டு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தை ஏஜென்ட் நிரப்பி, எல்லா நோய்க்கும் ‘இல்லை’ போட்டால், கையெழுத்து உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும். 1766இல் இங்கிலாந்து நீதிபதி லார்டு மான்ஸ்ஃபீல்ட், தெரிந்ததை மறைக்கக் கூடாது, அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தார். இன்றும் காப்பீட்டுச் சட்டங்களில் அந்தக் கருத்தின் சாயல் உண்டு. படிவத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். தவறு இருந்தால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். பாலிசியே வேண்டாம் என்றால், பல நாடுகளில் ஆவணம் கிடைத்த பிறகு 14 முதல் 30 நாள்வரை திருப்பிக்கொடுக்க அவகாசம் உண்டு. அதனால் ஆவணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்குச் சான்று வைத்திருங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதல் அழைப்பு வங்கிக்கு. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடியலாம். பிறகு போலீஸ், கம்பெனி, கட்டுப்பாட்டு ஆணையம். உரையாடல்களை அழிக்காதீர்கள். வண்டிப் பாலிசி போலி என்று தெரிந்தால் புதியது எடுக்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சில வாரம் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் அழைப்பார். அவரும் முதலில் ஒரு கட்டணம் கேட்பார்.