டிசி-3ஐ டர்போப்ராப்பாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசி-3 என்ற பழைய இரட்டை எஞ்சின் டக்ளஸ் விமானத்தை டர்போப்ராப்பாக்குவது, அதாவது பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைனைப் பொருத்துவது, வெறும் எஞ்சின் மாற்றும் வேலை என்று நினைத்து இறங்குவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எடைக் கணக்கையே பாருங்கள். பழைய ஆர்-1830 பிஸ்டன் எஞ்சின் ஒன்று சுமார் 570 கிலோ. அந்த இடத்துக்கு வரும் பிடி6ஏ-67ஆர் டர்பைன் அதில் பாதிகூட இல்லை. இரு பக்கமும் சேர்த்து 600 கிலோவுக்கு மேல் குறைகிறது. அதுவும் இறக்கைக்கு முன்னால். அப்படியே விட்டால் எடைமையம் வால் பக்கம் போய்விடும். மூக்கில் ஈயக்கட்டிகளை ஏற்றிச் சரிக்கட்டினால், மிச்சமான எடை சரக்குக்குப் பயன்படாமல் வீணாகும். அமெரிக்காவின் ஆஷ்காஷில் பாஸ்லர் நிறுவனம் டிசி-3ஐ மாற்றி உருவாக்கும் டர்போப்ராப் விமானமான பிடி-67இல், இறக்கைக்கு முன்னே உடற்பகுதி 40 அங்குலம் நீட்டப்படுகிறது. எடைமையமும் சரியாகிறது, சரக்குக்கு இடமும் கூடுகிறது. இதைவிட நேர்த்தியான தீர்வு கிடையாது.

அடுத்த தவறு, எஞ்சினுக்கு முன்பணம் கட்டிவிட்டு உடலைப் பிரித்துப் பார்ப்பது. இந்த விமானங்களில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டியவை. பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். வெளி இறக்கையை நடு இறக்கையோடு இணைக்கும் கோணப்பட்டைகளைப் பாருங்கள். போல்ட் துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசலும் அரிப்பும் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாதது சுழல் மின்னோட்டச் சோதனையில் தெரியும். முதலில் பிரிப்பு, பிறகு சோதனை, பழுது நீக்கம், பலப்படுத்தல். எஞ்சின் கூடு கடைசியில்தான். டிசி-3இன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை சுமார் 11,400 கிலோ, பிடி-67க்கு சுமார் 13,000. அந்த வித்தியாசத்தைத் தாங்குவது பலப்படுத்திய கட்டமைப்புதான். சக்தி இருக்கிறதே என்று வேக வரம்பையும் மீறக் கூடாது.

பழைய எரிபொருள் கணக்கும் இனி உதவாது. விமானப் பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.72 கிலோ, ஜெட் எரிபொருள் சுமார் 0.80. ஆயிரம் லிட்டருக்கு 80 கிலோ கூடுகிறது. ஜெட் எரிபொருளில் கலந்த நீர் மெதுவாகத்தான் பிரிந்து அடியில் தங்கும். அங்கே பூஞ்சை வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். தொட்டியின் பழைய சீலன்ட், ஹோஸ் எல்லாம் புது எரிபொருளுக்கு ஏற்றவையா என்று பாருங்கள்.

இன்னொரு விமானத்துக்குக் கிடைத்த ஒப்புதலை வைத்து அதே மாற்றத்தைச் செய்ய முடியாது. துணை வகைச் சான்றிதழ் (ஒரு விமான வகையில் குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்யத் தரப்படும் அதிகாரபூர்வ ஒப்புதல்) வைத்திருப்பவரின் அனுமதியும், உங்கள் விமானத்தின் உடல் வரிசை எண்ணுக்கு அது பொருந்துமா என்ற உறுதியும் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

மின்சுற்றை அப்படியே விடுவதுதான் சட்டென்று செலவு வைக்கும். டர்பைனைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் பல நூறு ஆம்பியர் இழுக்கும். பழைய கேபிளும் சோர்ந்த பேட்டரியும் சேர்ந்தால் சுழலி தேவையான வேகத்தை எட்டாது. காற்று போதாமல் எரிபொருள் மட்டும் எரியும், வெப்பமானி முள் சரசரவென ஏறும். சில விநாடிகளிலேயே டர்பைன் இதழ்கள் கெட்டுவிடலாம். முள் வரம்பை நெருங்கும்போதே எரிபொருளை நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் ஓடவிட்டு உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுங்கள்.