ஒரே கணினிக்குள் இன்னொரு கணினி

விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் பழகுவதற்காக சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு கணினி வாங்க வேண்டாம். இருக்கிற கணினிக்குள்ளேயே ஒரு மென்பொருள் மூலம் இன்னொன்றை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டலாம், அது திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணமும் இல்லை.

விண்டோஸ்காரர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். ஆனால் கூடுதல் வசதிகளுக்கான அதன் எக்ஸ்டென்ஷன் பேக் திறமூலம் அல்ல. அலுவலகக் கணினியில் போடும் முன் உரிமத்தைக் கட்டாயம் படியுங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே லினக்ஸ் என்றால், இதே வேலையைச் செய்யும் கேவிஎம்தான் என் தேர்வு. 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. சும்மா கிடக்கும் கணினியை மெய்நிகர் கணினிகளை மட்டுமே ஓட்டும் முழு சர்வராக்க பிராக்ஸ்மாக்ஸ்.

எதுவானாலும் முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மெய்நிகர் கணினிக்கான சிப் வசதி, இன்டெல் சிப் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி சிப் என்றால் எஸ்விஎம், ‘எனேபிள்’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மெய்நிகர் கணினியில் அப்டேட் போடும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். சொதப்பினால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். ஆனால் பொதுவாக அது அதே டிஸ்கில்தான் இருக்கும், பேக்கப் தனியாக வேண்டும்.